ஹெர்குலிஸ் கிட்ல ரெண்டு ஜெட் இன்ஜின் வெச்சா பொம்மை மாதிரி ஆயிடுமா?

கேள்வி: "அண்ணா, நான் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. என்கிட்ட 1/72 ஸ்கேல்ல (நிஜத்துல 72-ல ஒரு பங்கு) சி-130 ஹெர்குலிஸ் சரக்கு விமானத்தோட பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்னு பிரிச்சு பாதில கெடக்குது, ப்ரொப்பெல்லர் ரெண்டு காணோம். அதனால நாலு ப்ரொப்பெல்லருக்கு பதிலா ரெண்டு ஜெட் இன்ஜின் வெச்சு, நம்ம ஏர்ஃபோர்ஸ் கலர் அடிச்சு, 2018 கேரளா வெள்ளத்துக்கு நிவாரணம் கொண்டு வந்த கற்பனை விமானமா பண்ணலாம்னு ஆசை. கடைசில பொம்மை மாதிரி ஆயிடுமோனு பயமாவும் இருக்கு. இன்ஜினுக்கு எங்க போறது, எங்க ஒட்டறது, இந்த மழைல பெயின்ட் எப்படி அடிக்கறது?"

பதில்: தம்பி, கற்பனை ஜாஸ்தியானதால எந்த மாடலும் பொம்மை ஆகறதில்ல. ஒரு இடத்துல மாத்திட்டு, அந்த மாத்தத்தால வேற எங்கெல்லாம் மாத்த வேண்டி வருதோ அதை பண்ணாம விட்டாத்தான் அப்படித் தெரியும். நிஜமா பறந்த விமானத்துலயே கற்பனைய விட விசித்திரமானது எத்தனையோ இருக்கு, நம்ம ஏர்ஃபோர்ஸ் வெச்சிருந்த சி-119 பாக்கெட் விமானத்த எடுத்துக்கங்க, ரெண்டு ப்ரொப்பெல்லர் இருக்கறப்பவே முதுகு மேல தனியா ஒரு ஜெட் இன்ஜின் உக்காந்திருக்கும், லடாக் மாதிரி உசரமான எடத்துல காத்து அடர்த்தி கம்மி, இன்ஜினுக்கு தெம்பு பத்தாது, அதுக்காக எச்.ஏ.எல். தயாரிச்ச ஆர்ஃபியஸ் ஜெட்டை மேல ஏத்துனாங்க. போட்டோவ மட்டும் பாத்தா யாரோ வெளையாட்டுக்கு ஒட்டுன மாதிரிதான் இருக்கும், காரணம் தெரிஞ்சா ஒரு கேள்வியும் வராது. உங்க மாடலுக்கும் அப்படி ஒரு காரணம் வேணும். கத்திய எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல நாலு வரி எழுதுங்க, இந்த விமானம் யாருக்கு, எங்க எறங்கணும், என்ன தூக்கணும்.

உங்க கதைக்கு நல்ல அஸ்திவாரம் ஏற்கனவே இருக்கு. 2018 ஆகஸ்ட் 15-ல இருந்து 29 வரைக்கும் கொச்சியோட நெடும்பாசேரி ஏர்போர்ட்டையே வெள்ளத்தால மூடி வெச்சிருந்தாங்க, 20-ஆம் தேதிக்கு மேல கொச்சி நேவி தளத்துல, பயணிகள் விமானத்துல சின்னது மட்டும் எறங்குச்சு. அப்ப உங்க விமானத்துக்கு வேகம் பெருசில்ல, சின்ன ரன்வேல, ஈரத்துல, சேறும் கல்லும் கெடக்கற எடத்துல எறங்கி ஏறணும், அதான் வேலை. இத முடிவு பண்ணிட்டா இன்ஜின எங்க வெக்கறதுங்கற கேள்விக்கு பாதி பதில் கெடச்சாச்சு.

இறக்கைக்கு கீழ தொங்க விட்டா ஈஸி, ஆனா ஜெட் இன்ஜின் வாய் தரைக்கு பக்கத்துல வரும், கல்லு மண்ணு எல்லாத்தயும் உறிஞ்சும். அதனால நான் சொல்றது இறக்கைக்கு மேல. சோவியத்ல ஆன்டனோவ் ஏ.என்-72 (முதல் பறப்பு 1977), அமெரிக்கால போயிங் ஒய்.சி-14 (1976), ரெண்டுலயும் ரெண்டு ஜெட்டை இறக்கையோட முன் விளிம்புக்கு மேல, உடம்புக்கு ஒட்டினாப்ல வெச்சிருந்தாங்க. புகை இறக்கை மேல்பரப்ப ஒட்டிப் போயி ஃபிளாப் (இறக்கையோட பின் விளிம்புல கீழ மடங்கற பலகை) வழியா கீழ திரும்பும், அதுல கூடுதல் தூக்கு கெடைக்கும், கொஞ்ச தூரம் ஓடினாலே மேல ஏறிடும். ஜப்பான்காரங்க இறக்கைக்கு கீழ ரெண்டு ஜெட் இருந்த காவசாகி சி-1 விமானத்தையே எடுத்து, மேல நாலு ஜெட் வெச்சு அசுகானு பேர் போட்டு 1985-ல பறக்க விட்டாங்க. நீங்க பண்ணப் போறதும் கிட்டத்தட்ட அதே வேலைதான், அந்த மூணு விமானத்தோட போட்டோவயும் மேசைல வெச்சுக்கிட்டு ஒக்காருங்க.

உடம்புக்கு ஒட்டினாப்ல வெக்கறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, இதத்தான் நெறைய பேர் விட்டுடறாங்க. நாலு இன்ஜின்ல ஒன்னு நின்னா கால்வாசி தள்ளுவிசை போகும், ரெண்டுல ஒன்னு நின்னா பாதி போயிடும், மிச்ச பாதி ஒரே பக்கம் தள்ளும், மூக்கு அந்தாண்ட திரும்பும். அதை சமாளிக்க ஒன்னு இன்ஜின் நடுவுக்கு வரணும், இல்ல வால் பெருசாகணும். நீங்க ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் பண்ணுங்க. ஹெர்குலிஸ் வாலுக்கு முன்னாடி உடம்பு மேல 1 மி.மீ. ஸ்டைரீன் (கிட் செய்யற அதே பிளாஸ்டிக்) ஷீட்ல ஒரு முக்கோணத் துடுப்பு வெட்டி ஒட்டி புட்டி போட்டு வழிச்சிருங்க. இந்த ஒரு சின்ன துண்டுக்கே, விஷயம் தெரிஞ்சவங்க உங்க மாடல் முன்னாடி நின்னு பாப்பாங்க.

இப்ப இன்ஜின் சைஸ். ஹெர்குலிஸ் ஏறத்தாழ 70 டன் வரைக்கும் எடையோட கிளம்பற விமானம். ரெண்டே ஜெட்டுல அந்த வகுப்பு விமானத்த தூக்க முடியுமானா, பிரேசில்ல எம்ப்ரேயர் சி-390 இருக்கு, ரெண்டு வி2500 இன்ஜின், ஹெர்குலிஸ விட எடை ஜாஸ்தி. ஏ320 வகை விமானங்கள்ல நிறைய மாட்டியிருக்கற இன்ஜின்தான் அது, அதோட ஃபேன் விட்டம் சுமார் 1.61 மீட்டர், 1/72-ல 22 மி.மீ. சொச்சம் வரும். இங்கதான் ஒரு அருமையான வழி இருக்கு தம்பி. போயிங் 777-300 ஈ.ஆர். விமானத்தோட ஜி.ஈ-90 இன்ஜின் ஃபேன் விட்டம் 3.25 மீட்டர், அதோட 1/144 கிட்ல அது 22.6 மி.மீ. ஆகுது, அதாவது 1/144 கிட்ல இருக்கற அந்த ராட்சச இன்ஜின் உங்க 1/72 ஹெர்குலிஸுக்கு அப்படியே வி2500 சைஸ்ல பொருந்தும்! ஸ்வெஸ்டா, ரெவெல் ரெண்டு கம்பெனியும் 1/144-ல 777 போடறாங்க, பாதில விட்ட கிட் யார்கிட்டயாச்சும் இருந்தா இன்ஜின் மட்டும் கேட்டு வாங்குங்க. ஆனா கைல கெடச்சதுனு 1/144 ஏ320 இன்ஜின ஒட்டிடாதீங்க, பாதி சைஸ்ல இருக்கும், முதல் பார்வைலயே பொம்மைனு சொல்ற தப்பு அதுதான்.

எதுவும் கெடைக்கலேன்னா எலக்ட்ரிக்கல் கடைல 32 மி.மீ. கண்டியூட் பைப் ஒரு துண்டு வாங்குங்க, இன்ஜின் கூட்டுக்கு வெளி விட்டம் கிட்டத்தட்ட சரியா வரும், வாய்ப்பக்கம் உள் விளிம்ப உருட்டித் தேச்சு, உள்ள ஸ்டைரீன்ல ஃபேன் வெட்டி வெக்கலாம். ஒன்னு ஞாபகம் வெச்சுக்கங்க, கிட்டுக்கு போடற பிளாஸ்டிக் சிமென்ட் பி.வி.சி.ல சரியா பிடிக்காது, எபாக்ஸியோ சூப்பர் குளுவோதான் போடணும், அதுக்கு முன்னாடி பைப்ப சொரசொரப்பா தேய்ங்க. பின்பக்க வாய் வட்டமா இருக்கக் கூடாது, இறக்கை மேல படிஞ்ச மாதிரி தட்டையா அரைவட்டமா வரணும், அதை எம்-சீல்ல செஞ்சுக்கலாம். புகை படற எடத்துல இறக்கை மேல ஒரு தகடு மாதிரி மெல்லிசு ஷீட் ஒட்டி, கடைசில ஸ்டீல் கலர் அடிங்க, சூடு தாங்கற தகடுனு பாக்கறவங்களுக்கு புரியும்.

ஹெர்குலிஸ் உங்களுக்கு தோதான கிட்டுனு சொல்லணும், அதோட சக்கரம் உடம்பு பக்கத்து மேட்டுக்குள்ள மடங்கும், இறக்கைல எதுவும் இல்ல, இன்ஜின நகத்தினா யாரும் கேக்க மாட்டாங்க. இதே வேலைய ஏ.என்-32ல பண்ணிப் பாருங்க, சூலூர்ல இருந்து கிளம்பறது நம்ம தலைக்கு மேல போறப்ப அண்ணாந்து பாத்திருப்பீங்கள்ல, அதோட பின் சக்கரம் இன்ஜின் கூட்டுக்குள்ளதான் மடங்குது, இன்ஜின எடுத்தா சக்கரத்துக்கு வீடு இல்ல, உடம்பையே மாத்த வேண்டி வரும்.

பழைய நாலு இன்ஜின் கூடும் இருந்த எடத்துல முன் விளிம்பு ஓட்டையா நிக்கும். ஒரேடியா புட்டிய அப்பாதீங்க, சுருங்கி வெடிக்கும். ஷீட்ட அடுக்கி அடுக்கி ஒட்டி, காஞ்சதும் இறக்கை வளைவுக்கு தேச்சு, மேல மட்டும் மெல்லிசா புட்டி. கார் பெயின்ட் கடைல விக்கற என்.சி. புட்டி நல்லாத்தான் இருக்கும், ஆனா அதுல இருக்கற தின்னர் பிளாஸ்டிக்க இளக்கும், ஒவ்வொரு பூச்சும் மெல்லிசா, நடுவுல ஒரு ராத்திரி விட்டு.

உடம்ப மூடறதுக்கு முன்னாடி மூக்குல வெயிட். டேப் போட்டு எல்லாத்தயும் சேத்து, சக்கரம் வர்ற எடத்துல ஒரு பென்சில் வெச்சு நிறுத்திப் பாருங்க, டயர் கடைல வீல் பேலன்ஸ் பண்ற பழைய ஈயத்துண்டு கேட்டா குடுப்பாங்க, மூக்கு தானா கீழ வர்ற வரைக்கும் காக்பிட்டுக்கு அடில போட்டு, அதுக்கு மேலயும் கொஞ்சம் சேருங்க. வால் துடுப்பு, புட்டி, பெயின்ட் எல்லாம் பின்னாடி எடை கூட்டும். பின் கதவ தெறந்து வெக்கறதா இருந்தா இன்னும் ஜாஸ்தி வேணும். தெறந்து வைங்கனுதான் நான் சொல்லுவேன், நிவாரண விமானம்னு சொல்லிட்டு கதவ மூடி வெச்சா கதை எங்க தெரியும்? 50 கிலோ அரிசி மூட்டை 1/72-ல 12, 13 மி.மீ. நீளம், எம்-சீல உருட்டி லேசா அமுக்கி, ஒன்னு மேல ஒன்னு வைக்கறப்ப ஈரமாவே வைங்க, கீழ் மூட்டை பிதுங்கும், நிஜ மூட்டை அடுக்குன மாதிரியே வரும்.

பெயின்ட்டுக்கு வருவோம். இந்த ஆடி மழைல லேக்கர் அடிச்சா வெள்ளையா பூத்துடும், தின்னர் ஆவியாகறப்ப பரப்பு குளுந்து காத்துல இருக்கற ஈரம் அதுல படியறதுதான் காரணம். மழை விட்ட மத்தியானமா பாத்து, ஜன்னல சாத்தின ரூம்ல, முதல்லயே மாடலையும் ஸ்ப்ரே டப்பாவயும் அந்த ரூம் சூட்டுக்கு வர விட்டு அடிங்க, அவசரம்னா ஆக்ரிலிக்ல போயிடுங்க. மார்கழி, தைல அடிக்கலாம்னு தள்ளிப் போட்டா அப்ப பாலக்காட்டு கணவாய் வழியா வர்ற கெழக்கு காத்துல ஈரம் இருக்காது, ஆனா தூசி வந்து ஒட்டும், அதுக்கு ஒரு அட்டைப்பெட்டிய கவுத்து மூடி காய வெக்கணும். முதல்ல கிரே பிரைமர், அதுல புட்டி போட்ட எடத்து கோடு எல்லாம் காட்டிக்குடுக்கும், திரும்பத் தேச்சு திரும்ப பிரைமர். இந்த எடத்துல பொறுமை வேணும், விட்டுப்போன கோட்ட கலர் அடிச்சு மறைக்க முடியாது.

கலர் சாதா கிரேயே போதும், கற்பனை விமானத்துக்கு கலரும் கற்பனையா போட்டா நம்பறதுக்கு பிடிமானம் இருக்காது. வட்டச் சின்னத்துல வெளில காவி, நடுவுல வெள்ளை, உள்ள பச்சை. டிகால் (தண்ணில நனைச்சு ஒட்டற ஸ்டிக்கர்) ஷீட்ட வீட்டு பிரிண்டர்ல அடிச்சா வெள்ளை அடிக்காது, கிரே மேல ஒட்டினா அந்த எடம் கிரேயாவே தெரியும், மத்த ரெண்டு கலரும் மங்கும். அதனால முதல்ல வட்டமா வெள்ளை பெயின்ட் அடிச்சு, காஞ்சப்புறம் அதுக்கு மேல ஒட்டுங்க. இங்க்ஜெட்னா தண்ணில போடறதுக்கு முன்னாடி கிளியர் லேக்கர் ரெண்டு பூச்சு கண்டிப்பா வேணும், இல்லேன்னா மை கரைஞ்சு ஓடிடும். நம்பர் மட்டும் நிஜ விமானத்தோடது எதையும் போடாதீங்க, அதுல பறந்தவங்க, அதுல போயி திரும்பாதவங்க இருக்காங்க. யாருக்கும் இல்லாத ஒரு நம்பரா நீங்களே வெச்சுக்கங்க.

இன்ஜின இறக்கைல ஒட்டறதுக்கு முன்னாடி டேப்ல நிறுத்தி முன்னாடி இருந்தும் மேல இருந்தும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, உடம்புல இருந்து எவ்வளவு தள்ளி வெக்கணும்னு அத பாத்துட்டு சொல்றேன்.