சாயங்காலம் வரை பஸ் ஸ்டாண்டில்

அன்புள்ள ஆலோசகருக்கு,

ஊர் களியக்காவிளை பக்கம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது திருவனந்தபுரத்தில் எம்.எஸ்சி. முதல் வருடம், தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். வகுப்பில் பாதி இங்கிலீஷ், பாதி மலையாளம். எல்லாம் புரியும். ஆனால் வாயைத் திறந்தால் பின் பெஞ்சில் 'பாண்டி' என்று சிரிப்பு. ஒரு நாள் சாரும் சேர்ந்து சிரித்தார். வீட்டில் அம்மா, "சித்தி மக பேங்க்ல சேந்துட்டா, நீ போனும் கையுமா இருக்க" என்று தினம் ஒரே பாட்டு. அப்பா கல்ஃபில், போன் செய்தால் "ஒழுங்கா படிக்கியா மக்களே?" தவிர வேறு கேள்வி இல்லை.

அம்மாவுக்கு நான் எது செய்தாலும் குறை. ராத்திரி முழித்திருந்தாலும் திட்டு, பகலில் தூங்கினாலும் திட்டு. முன்பெல்லாம் பாலராமபுரம் தாண்டினால்தான் வயிற்றைப் பிசையும் (இப்போது சில நாள் அதற்கு முன்னால் வரும் நெய்யாற்றின்கரையிலேயே இறங்கி, ஸ்டாண்டில் சாயங்காலம் வரை இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்). வகுப்பில் ஒருத்தி மட்டும் 'எவிடெயா?' என்று மெசேஜ் போடுவாள்; பதில் போடுவதில்லை. யாருடைய பரிதாபமும் வேண்டாம். அந்தச் சிரிப்பையும் சித்தி மகள் பேச்சையும் எப்படித் தாங்குவது?

அன்புள்ள தோழிக்கு,

'பாண்டி' என்பது தமிழர்களை மட்டம் தட்டும் வசவு. சொன்னவரும் தப்பு, சிரித்த ஆசிரியர் அதைவிடத் தப்பு. அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்தீர்களே, நெய்யாற்றின்கரை, அதற்கு வருகிறேன்.

அங்கே இறங்கியதும் நெஞ்சு லேசாகிறது அல்லவா? அந்த நிம்மதிதான் வினை. இறங்கியதால் தப்பித்தோம் என்று மூளை பழகிக்கொள்கிறது. அடுத்த முறை படபடப்பு இன்னும் முன்னாலேயே தொடங்கும். பாலராமபுரத்திலிருந்து அது பின்வாங்கி வந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விட்டால் களியக்காவிளையில் பஸ் ஏறவே முடியாது. படபடப்பு முடிவில்லாமல் ஏறாது. ஓடாமல் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணியில் தானே தணியும். அது தணிவதைப் பார்க்காமல் இறங்காதீர்கள். அந்த நேரத்தில் விரல் மரத்தாலோ தலை சுற்றினாலோ, வேக வேகமாக மூச்சு வாங்குவதுதான் பெரும்பாலும் காரணம். மூச்சை மெதுவாக, நீட்டி வெளியே விடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் கல்லூரி நூலகம் வரை போனால் போதும். மனசு அடங்கிய பிறகே அங்கிருந்து கிளம்ப வேண்டும். அடுத்து, பயம் குறைவான ஒரு வகுப்பு. சிரித்த ஆசிரியரின் வகுப்பு கடைசியில். அந்தத் தோழியின் பக்கத்தில் உட்காருங்கள். சிரித்தவர்கள் மேல் உள்ள கோபத்தை, தேடி விசாரித்த ஒரே ஆளிடம் காட்டுகிறீர்கள்.

அம்மா விஷயத்தில் நான் உங்கள் பக்கம் முழுதாக இல்லை. ஒப்பிடுவது வலிக்கும், சரி. ஆனால் தினமும் கல்லூரி போய்வரும் மகளைத்தான் அவர் திட்டிக்கொண்டிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் உட்காரும் மகளை அவருக்குத் தெரியாது. சொல்லாமலே புரிந்துகொள்ளச் சொன்னால் எப்படி?

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடியிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்; நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் பார்க்கலாம். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். அவை குறைந்தாலும் இதே சோர்வு வரும். மனநல மருத்துவர் மாத்திரை தந்தால் முதல் வாரம் குமட்டல் இருக்கலாம். குணம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். பலரும் அதற்குள் 'ஒன்றும் கேட்கவில்லை' என்று தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள், நீங்கள் அதைச் செய்யாதீர்கள். சாகலாம் என்ற நினைப்பு தலைகாட்டினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.

வருகைப்பதிவு எவ்வளவு என்று இந்த வாரமே ஆபீஸில் கேளுங்கள். பொதுவாக 75 சதவீதம் வேண்டும். கேரள அரசுப் பல்கலைக்கழகங்களில் மாணவியருக்கு 2023 ஜனவரி உத்தரவுப்படி 73. குறைந்தால் கண்டோனேஷன் மனு (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பது) போட வழி உண்டா என்று விசாரியுங்கள். உடம்பு சரியில்லை என்று மனுப் போட்டால் மருத்துவச் சான்று கேட்பார்கள். டாக்டர் உங்களைப் பார்த்த தேதிதான் சான்றில் இருக்கும். முன்தேதி போட்டுத் தரச் சொல்லி அவரிடம் கேட்காதீர்கள்.