61 நாள் இடைவெளி

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். வெளிநாட்டில் பிஎச்.டி. செய்ய ஆசை. எண்பது பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன், இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள், அதுவும் இடமில்லை என்று. என் ஆங்கிலம் சுமார்தான். துறைமுகத்தில் விசைப்படகுகள் கொண்டுவரும் நண்டுகளை அளந்ததுதான் ப்ராஜெக்ட். அதிலும் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை தரவு இல்லை. மெயிலையும் நோட்டையும் இணைத்திருக்கிறேன். இதை வைத்துக்கொண்டு முயற்சி செய்யலாமா?

ம., கடலூர் முதுநகர்

அன்புள்ள ம.,

தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த மெயிலை விட்டுவிடுங்கள். ‘நான் கடின உழைப்பாளி, உங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம்’ என்று இருக்கிறதே தவிர எந்த ஆய்வு என்று ஒரு சொல் இல்லை. எண்பது பேருக்கும் ஒரே கடிதம் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

உங்கள் நோட்டைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு நண்டுக்கும் ஓட்டின் அகலம், ஆணா பெண்ணா, சினை உண்டா இல்லையா, சில பக்கங்களில் ஐஸ் தண்ணீர் பட்டு மை கலங்கியிருக்கிறது. ஏப்ரல் 14-க்குக் கீழே ஒரு கோடு, அப்புறம் ஜூன் 15-க்குப் பிறகுதான் அடுத்த பதிவு. இதைக் குறை என்று நினைத்து ஆய்வுச் சுருக்கத்தில் சொல்லாமலே விட்டிருக்கிறீர்கள். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது முதுநகரில் குழந்தைக்கும் தெரியும். ஜெர்மனியில் ப்ரெமன் நகரில் வெப்பமண்டலக் கடல் ஆய்வுக்கென்றே லைப்னிட்ஸ் மையம் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து படிக்கிற ஒருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை, நீங்கள் பாதியில் விட்டுவிட்டதாகத்தான் நினைப்பார். அதையே விளக்கி எழுதி, தடைக்கு முன்னால் நூறு நண்டில் எத்தனை சினை நண்டு, பின்னால் எத்தனை என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஆய்வுக்கான கேள்வி அங்கேயே கிடைத்துவிடும்.

வெளிநாட்டு ஆய்வுக்குத் தயாராவது என்றால், நம் ஊரைப் பார்க்காதவருக்கு நம் வேலையைப் புரியவைக்கப் பழகுவது என்றுதான் நான் சொல்வேன். ஆங்கிலமும் அதற்குத்தான். அன்றன்று எடுத்த அளவை ஐந்து வாக்கியத்தில் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான், நோட்டோடு போய் அங்கே ஆய்வு செய்கிறவர்களிடம் பேசுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு மூன்றே நாளில் கட்டுரை வெளியிடும் பத்திரிகைகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். என் மாணவர் ஒருவர் அப்படி ஒன்றில் போட்டார். வெளியிடும் முன் கட்டுரையைப் படித்துப் பார்க்கும் மதிப்பாய்வாளர் என்ன திருத்தம் கேட்டார் என்று நேர்காணலில் கேட்டபோது அவரிடம் பதிலே இல்லை. நான் அன்றே தடுத்திருக்க வேண்டும், இன்றும் உறுத்துகிறது.

ஜெர்மனியில் பல பிஎச்.டி. இடங்கள் சம்பள வேலையாகவே அறிவிக்கப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் மேரி க்யூரி பிஎச்.டி. இடங்களுக்கு, சேரும் முன் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் சேரப்போகிற நாட்டில் இருந்திருக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு, இங்கேயே படிக்கிற உங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. ஐரோப்பிய ஆய்வு வேலைகளை அறிவிக்கும் யுராக்ஸஸ் தளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள்.

அடுத்த மெயில் ஒரே ஒருவருக்கு. அவருடைய ஒரு கட்டுரையை முழுசாகப் படித்து, உங்கள் நண்டுகளோடு அது எங்கே தொடுகிறது என்று நாலு வரி எழுதுங்கள். அனுப்பும் முன் எனக்கு அனுப்பிவையுங்கள், பார்த்துத் தருகிறேன்.