பாலக்கோட்டில் ஓ பாசிடிவ், கிருஷ்ணகிரியில் ஓ நெகடிவ்: கார்டில் எதை எழுதுவது?

பாலக்கோடு ரத்த தான முகாமில் ஓ பாசிடிவ் என்று வந்த கொடையாளர், கிருஷ்ணகிரியில் நீங்கள் டெஸ்ட் செய்தபோது ஓ நெகடிவ் என்று வருகிறார், கார்டில் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு நெகடிவ் என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் கொடையாளர் வீக் டி (ரத்தத்தை பாசிடிவ் ஆக்கும் டி புரதம் பலவீனமாக உள்ளவர்) ஆக இருக்கலாம். பாலக்கோடு முகாமில் சிவப்பணுக்கள் திரண்டது (பாசிடிவ்), உங்கள் டியூபில் திரளாதது (நெகடிவ்), இரண்டுமே உண்மையாக இருக்க முடியும்.

சிவப்பணுவின் மேல் டி புரதம் குறைவாகவோ, அதன் ஒரு பகுதி இல்லாமலோ இருந்தால் ஒரு குளோன் (வகை) ஆன்டி-டி, அதாவது டி புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடி, அதைப் பிடிக்கும், இன்னொன்று விட்டுவிடும்.

கூம்ஸ் டெஸ்ட் (செல்லில் ஒட்டிய ஆன்டிபாடியைக் கூம்ஸ் சீரம் சேர்த்துக் கண்டுபிடிப்பது) போட்டும் நெகடிவ் என்கிறீர்கள். ஆன்டி-டி பாட்டிலோடு வந்த தாளைப் பாருங்கள். வெறும் ஐஜிஎம் (ஒரு வகை ஆன்டிபாடி) என்றிருந்தால் அந்தக் கூம்ஸ் வீண். கூம்ஸ் சீரம் தேடுவது ஐஜிஜி என்ற இன்னொரு வகையை.

1. முதலில் புது சாம்பிள். முகாமில் சாம்பிளின் பெயர் மாறிவிடலாம்.
2. ஐஜிஎம்-ஐஜிஜி கலவை ஆன்டி-டி போட்டு, 37 டிகிரியில் தாளில் சொன்ன நேரம் வையுங்கள். பிறகு சலைனில் குறைந்தது மூன்று முறை கழுவுங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள். ஒட்டாமல் மிஞ்சும் ஐஜிஜி கூம்ஸ் சீரத்தை முடக்கிவிடும்.
3. நெகடிவ் என்றால் ஐஜிஜி பூசிய செக் செல் சேருங்கள். அதுவும் திரளாவிட்டால் டெஸ்ட் செல்லாது.
4. ஆன்டி-டி இல்லாத கன்ட்ரோல் டியூப் திரண்டால், பாசிடிவ்வை நம்ப வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: வீக் டி உறுதியானால், கொடையாளராக அவர் பாசிடிவ். அவரே ரத்தம் ஏற்றிக்கொள்ள வந்தால், ஜீன் டெஸ்ட் முடிவு கையில் இல்லாதவரை நெகடிவ் ரத்தம்தான் பாதுகாப்பு. கார்டில் இரண்டையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஓசூரில் வேறு யாராவது இதே கேள்வியோடு வருவார்கள்.