படம் வந்தது, அளவு வரவில்லை: உப்புநீர்த் தொட்டி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் படத்தோடு வந்தவை. சுருங்கிய பவளம், மூலையில் ஒதுங்கிய மீன், வாய் பிளந்த சிப்பி. படங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் தண்ணீரில் உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று ஒருவரும் எழுதவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டாக்டருக்கு போட்டோ மட்டும் அனுப்பினால் அவர் என்ன சொல்வார்? அடுத்த முறை இரண்டு எண்ணையாவது சேர்த்து எழுதுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: அண்ணாச்சி, 200 லிட்டர் டேங்க். வெயிலுக்காக மேலே இரண்டு ஃபேன் வைத்தேன். தினமும் நாலு லிட்டர் போலக் குறைகிறது. விடாமல் உப்புக் கலந்த தண்ணீரையே ஊற்றி வருகிறேன். பத்து நாளில் லெதர் கோரல் (தோல் போன்ற மென் பவளம்) சுருண்டுவிட்டது, நத்தைகள் கீழே விழுந்து கிடக்கின்றன. லைட் பத்தவில்லையா?

லைட்டில் கோளாறு இல்லை. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தொட்டியில் தங்கிவிடும். நீங்கள் ஊற்றிய ஒவ்வொரு லிட்டரிலும் 35 கிராம் உப்பு. நாளுக்கு நாலு லிட்டர் என்றால் 140 கிராம், பத்து நாளில் 1,400 கிராம். 200 லிட்டருக்குப் பங்கு வைத்தால் லிட்டருக்கு 7 கிராம் கூடியிருக்கிறது. 35இல் இருக்க வேண்டிய உப்பளவு இப்போது 42 பக்கம் நிற்கும். மீன் கொஞ்சம் தாங்கும். நத்தைக்கும் பவளத்துக்கும் தன் உடம்பின் நீரைத் தனியாகக் காத்துக்கொள்ளும் வசதி கிடையாது, வெளியே இருக்கும் உப்புதான் உள்ளேயும்.

பதறிப்போய் ஒரே நாளில் இறக்கிவிடாதீர்கள், அது இரண்டாவது அடி. தினமும் 5 லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் 5 லிட்டரை மெதுவாக விடுங்கள். நாளுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் இறங்கும், ஒரு வாரத்தில் 35க்கு வந்துவிடும். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு இன்று முதல் எப்போதும் ஆர்.ஓ. தண்ணீர்தான். தொட்டியின் கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடுவரை ஊற்றுங்கள். உப்புக் கலந்த தண்ணீர், வாரம் ஒருமுறை பழையதை எடுத்துவிட்டு மாற்றும்போது மட்டும்.

ஃபேன் வைத்தது சரியான வேலை, அதை நிறுத்த வேண்டாம். நம் ஊர் மே மாதத்தில் ஃபேன் இரண்டு மூன்று டிகிரி இறக்கித் தரும். 25 முதல் 27 வரை இருந்தால் நிம்மதி. 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் தன் திசுவுக்குள் குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் கடலே சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. அவ்வளவு பெரிய கடலுக்கே அந்தக் கதி என்றால் நம் கண்ணாடிப் பெட்டி எம்மாத்திரம்? ஆடிக்காற்று அடிக்கும் நாட்களில் ஜன்னல் திறந்திருந்தால் நாலு லிட்டர் குறைவது ஆறு லிட்டராகும், கண்ணாடியில் போட்ட கோட்டைக் காலையும் மாலையும் பாருங்கள். மூடியைத் திறந்து வைத்திருப்பீர்கள், மேலே வலை போடுங்கள். மீன் துள்ளி வெளியே விழும்.

இன்னொன்று. "நாக்கில் வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது" என்று எழுதியிருந்தீர்கள். ரசத்துக்கு அது போதும். இதற்கு உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதையும் வெறும் தண்ணீரில் சுழியம் பார்த்து நிறுத்திவிடாமல், 35 அளவுள்ள கரைசலை வைத்துச் சரிசெய்யுங்கள்.

ஏரலிலிருந்து: கடல்நீர் கலக்கக் கடையில் விற்கும் சால்ட் மிக்ஸ் வாளி விலை கட்டுபடியாகவில்லை. பக்கத்திலேயே தூத்துக்குடி உப்பளம். அதுவும் கடல் தண்ணீரில் விளைந்த உப்புதானே, அயோடின்கூடச் சேர்க்காதது. அதைக் கரைத்தால் என்ன?

இந்தக் கேள்வி வருடத்துக்கு நாலு முறையாவது வரும். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பாத்தியில் நடப்பதைப் பாருங்கள். கடல்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்புச் சத்து படியும். அடுத்து ஜிப்சம். அதற்குப் பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு விளையும். அதை வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். மெக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் அதோடு போய்விடும். சமையலுக்கு நல்ல உப்பு வேண்டுமென்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். பவளத்துக்கு வேண்டியது உப்பளத்துக்காரர் கவனமாக விலக்கிய சரக்கு.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 1.3 கிராம் மெக்னீசியம், 0.4 கிராம் கால்சியம், 0.4 கிராம் பொட்டாசியம் உண்டு. உப்பளத்து உப்பைக் கரைத்தால் ரிஃப்ராக்டோமீட்டர் 35 என்றே காட்டும். உப்பு எது என்று அதற்குத் தெரியாது. மீன் சில நாள் நீந்தும், பவளம் முதல் வாரத்திலேயே மூடிக்கொள்ளும். நன்னீர் மீனுக்கு நோய் வந்தால் உப்புக் குளியல் கொடுக்க அந்த உப்பு அருமையானது. அதற்கு வாங்கி வையுங்கள்.

செலவு குறைய வேண்டுமென்றால் தொட்டியைச் சிறிதாக்குங்கள், அல்லது அடுத்த பதிலைப் பாருங்கள்.

பேட்டையிலிருந்து: மாதாமாதம் திருச்செந்தூர் போகிறோம். வரும்போது இரண்டு கேனில் கடல் தண்ணீர் பிடித்து வரலாமா?

வரலாம். கோயில் வாசலில் பிடிக்காதீர்கள். ஆயிரம் பேர் எண்ணெயும் சோப்புமாகக் குளிக்கும் இடம் அது. புன்னைக்காயல் பக்கமும் வேண்டாம், தாமிரபரணி கடலில் கலக்கும் இடம், ஐப்பசி கார்த்திகை மழையில் அங்கே உப்பு நன்றாக இறங்கிவிடும். மணப்பாட்டிலோ உவரியிலோ படகுக்காரர் யாரையாவது பிடித்து, கரையைவிட்டு நன்றாகத் தள்ளி மொண்டு தரச் சொல்லுங்கள். டீசல் கேனில் மட்டும் வாங்கி வராதீர்கள். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டி, இருட்டில் மூடிவைத்து, உள்ளே காற்றுக் குமிழ் விடும் ஏர்ஸ்டோன் ஒன்றை ஓடவிடுங்கள். உப்பளவு பார்க்காமல் தொட்டியில் ஊற்றக் கூடாது.

உவரியிலிருந்து: தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று உயிருள்ள மட்டி இருபது கொண்டு வந்து மணலில் விட்டேன். மூன்று வாரம் கழித்து வாடை, மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன. யூடியூபில் பார்த்தால் பெரிய சிப்பிகளை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார்களே?

முதலில் கையை விட்டு வாய் பிளந்ததையெல்லாம் எடுத்துப் போடுங்கள். பிறகு பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மீதியைப் படித்துக்கொள்ளலாம்.

மட்டி தண்ணீரை வடிகட்டுவது உண்மை. ஆனால் அது சுத்தம் செய்வதற்காக வடிகட்டவில்லை, சாப்பிடுவதற்காக வடிகட்டுகிறது. உவரிக் கடலில் ஒவ்வொரு அலையிலும் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசி வரும். ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி) ஓடும் தெளிந்த தொட்டியில் என்ன வரும்? பட்டினிதான். சிப்பி பட்டினியில் சாவது வெளியே தெரியாது, தன் ஓடுகளை மூடிக்கொண்டு தன் சதையையே கரைத்துக்கொண்டு இரண்டு மூன்று வாரம் இருக்கும். ஒன்று செத்து அழுகினால் அம்மோனியா ஏறும், அதில் அடுத்தது சாகும். இருபதும் வரிசையாகப் போனது இப்படித்தான். மட்டியை இனிமேல் சட்டியில் மட்டும் போடுங்கள்.

யூடியூபில் நீங்கள் பார்ப்பது ராட்சதச் சிப்பி வகை. அதன் கதை வேறு. பவளத்தைப் போலவே தன் சதைக்குள் பாசியைக் குடிவைத்து, வெளிச்சத்தில் அது ஆக்கும் உணவில் வாழ்கிறது. நீலமும் பச்சையுமாக விரியும் அந்த உதடு ஒரு வயல் மாதிரி. அதனால் அதற்குப் பலமான லைட்டும், ஓடு வளரக் கால்சியமும் வேண்டும். அந்த உதடு ஓரம் சுருங்கினால் சிக்கல், நிழல் பட்டும் மூடாமல் வாய் பிளந்தே கிடந்தால் கடைசிக் கட்டம். இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், வாங்கச் சொல்லவில்லை. நம் லட்சத்தீவிலும் அந்தமானிலும் வாழும் அந்தச் சிப்பிகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை.

வள்ளியூரிலிருந்து: மாமா கடலுக்குப் போகிறவர். வலையில் பவளத் துண்டு உயிரோடு வருகிறது, தூக்கிப் போடுவதற்கு நான் வளர்க்கலாமே என்கிறார்.

மாமாவின் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் கல் பவளம் எல்லாமே 2001 முதல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடல் விசிறியும் கடல் குதிரையும் அதே சட்டத்தின் காவலில்தான். வலையில் தானாக வந்தது என்பது செல்லாது. அங்கேயே கடலில் விட்டுவிடச் சொல்லுங்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் இருந்த 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கடியில். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு பெரிய காரணம். என் தொட்டியில் லெதர், மஷ்ரூம், ஜோவாந்திட் என்ற மென் பவளங்கள் தவிர வேறு பவளம் கிடையாது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை, தென்காசி வெயிலில் கல் பவளத்தை வைத்துக்கொண்டு படும் பாடும் இல்லை.

மீனிலும் தொட்டியில் பிறந்ததையே கேட்டு வாங்குங்கள். க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் வித்தையை மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் எப்போதோ கைக்கொண்டுவிட்டார்கள். அப்படிப் பிறந்தது உருண்டைத் தீனியும் தின்னும், கண்ணாடியைக் கண்டு மிரளவும் செய்யாது.

சங்கரன்கோவிலிலிருந்து: புது மீனில் உப்பைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி. தொட்டியில் பவளமும் இறாலும் உண்டு. அம்மா மஞ்சள் தூள் போடச் சொல்கிறார்.

மஞ்சள் தண்ணீரைத்தான் மஞ்சளாக்கும். கடைக்காரர் தரும் செம்பு மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்றவே கூடாது. இறால், நத்தை, பவளம் அத்தனையும் போகும், செம்பு பாறையில் ஒட்டி நின்று பிறகும் கசியும். மீன்கள் எல்லாவற்றையும், நன்றாக இருப்பதையும் சேர்த்து, வெறும் தொட்டி ஒன்றுக்கு மாற்றுங்கள். மணல் வேண்டாம், பாறை வேண்டாம், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி பைப் துண்டு போதும். மருந்து அங்கே, செம்பு டெஸ்ட் கிட் வைத்து அளந்து.

சில நாளில் புள்ளி மறைந்தால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தப் புள்ளி ஓர் ஒட்டுண்ணியின் வேலை. முதிர்ந்த ஒட்டுண்ணி மீனைவிட்டு இறங்கி, மணலில் கூடுகட்டி, நூற்றுக்கணக்கில் பெருகி மறுபடி மீனைத் தேடி வரும். கூட்டுக்குள் 72 நாள்வரை காத்திருந்தது பதிவாகியிருக்கிறது. அதனால்தான் பவளத் தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விடும் வழக்கம். எரிச்சலான காத்திருப்புதான். புது மீனை முதலிலேயே நாலு வாரம் தனியே வைத்திருந்தால் இது தேவைப்பட்டிருக்காது.

மேலப்பாளையத்திலிருந்து: ஆர்.ஓ. தண்ணீரைச் செப்புக் குடத்தில் பிடித்து வைக்கிறோம். நல்லதுதானே?

உங்களுக்கு எப்படியோ, இறாலுக்கு எமன். பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றுங்கள். தாமிரபரணியின் பெயரில் தாமிரம் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், அதில் வரும் குளோரினைப் பற்றிக் கவலைப்படுங்கள். ஆர்.ஓ. தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) எவ்வளவு என்றும் பாருங்கள். குடிநீர் மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும், அதை மூடச் சொல்லுங்கள்.

களக்காட்டிலிருந்து: கால்க்வாஸர் என்பது சுண்ணாம்பு நீர்தானாமே. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைக்கலாமா?

பொருள் ஒன்றுதான், தரம் ஒன்றல்ல. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றியதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்காது. சுண்ணாம்புத் தெளிவின் பிஎச் 12ஐத் தாண்டும், வேகமாக விட்டால் ஒரு மணி நேரத்தில் தொட்டி காலி. மென் பவளம் மட்டும் வைத்திருக்கும் நீங்கள் வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினாலே கால்சியம் போதும். சுண்ணாம்பு பாட்டியிடமே இருக்கட்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து: ஜோவாந்திட் ஒட்டிய பாறையில் பாசி. வெந்நீரில் போட்டு எடுத்தால் போய்விடுமா?

கூடவே கூடாது. ஜோவாந்திட் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. சூடுபடுத்தினால் ஆவியோடு காற்றில் கலக்கும், வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போக நேரும். தொட்டியிலிருந்து எடுத்த சூடாக்காத உப்புத் தண்ணீரில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பழைய டூத்பிரஷால் பாசியை மட்டும் தேயுங்கள், அதன் உடம்பைத் தேய்க்க வேண்டாம். கையில் கீறல் இருந்தால் வேலையை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

தென்காசியிலிருந்து: மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இல்லை. எதை இன்வெர்ட்டரில் போட?

தண்ணீரைச் சுழலவிடும் வேவ்மேக்கர் மோட்டார் ஒன்று மட்டும். லைட், ஸ்கிம்மர், ஹீட்டர் எதுவும் எட்டு மணி நேரம் இல்லாமல் இருக்கலாம். மூச்சுத்தான் அவசரம். தண்ணீர் சூடாக ஆக ஆக்ஸிஜன் குறையும், உப்பு இருந்தால் இன்னும் குறையும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் பேட்டரி ஏர்பம்ப் வாங்குங்கள். அன்று காலை தீனி போடாதீர்கள். கொசுவுக்காகத் தெருவில் புகை அடிக்கும் அன்றும் இதே கவனம் வேண்டும், ஏர்பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடும். ஜன்னலைச் சாத்தி, புகை அடங்கும்வரை அதை நிறுத்திவிட்டு வேவ்மேக்கரை ஓடவிடுங்கள்.