டெல்லிக் குளிரும் ரூம் ஹீட்டரும்: கேள்வி பதில்

மயூர் விஹார் வாசகி: சார், 2000 வாட் ஹீட்டர் வாங்கினோம். பிளக் பெரிசா இருந்ததால் கன்வெர்ட்டர் போட்டு டிவி சாக்கெட்டில் செருகினோம். பத்தே நிமிஷத்தில் பிளக் கை வைக்க முடியாமல் சுடுகிறது. ஹீட்டரில் கோளாறா?

ஹீட்டர் மேல் சந்தேகம் வேண்டாம்மா, சாக்கெட்தான் தாங்கவில்லை. 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். டிவி சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. கன்வெர்ட்டர் போட்டால் இன்னொரு இணைப்பு கூடுகிறது. பிடி தளர்ந்த இடத்தில் மின்தடை ஏறி, அங்கேயே சூடு கிளம்பும். பிளாஸ்டிக் பழுப்பாகி, இளகி, கடைசியில் பற்றிக்கொள்ளும். இன்றே கழற்றிவிடுங்கள். வேண்டியது 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கம்பி, அதற்கென்று தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து லைனை நிறுத்தும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த். சாக்கெட் முகப்பை மட்டும் மாற்றிவிட்டுப் போகும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. பழைய மெல்லிய கம்பி உள்ளேயே இருந்தால் அடுத்துச் சூடாவது சுவருக்குள். போர்டைத் திறந்து கம்பியைக் காட்டச் சொல்லுங்கள்.

முனிர்கா மாணவர்: வாடகை ரூம் அண்ணா. ஓனர் வயரிங்கில் கை வைக்க விடமாட்டார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடலாமா?

வேண்டாம் தம்பி. 400 வாட் ராட் இரண்டு உள்ள ஹீட்டர் போதும். இரண்டும் எரிந்தாலும் 3.5 ஆம்பியர்தான், 6 ஆம்பியர் சாக்கெட்டே தாங்கும், சாக்கெட் தளர்வில்லாமல் இருந்தால். ஆனால் சிவக்கும் ராட் என்பதால் ரஜாய் (பஞ்சு மெத்தைப் போர்வை), திரை, புத்தகம் எல்லாம் மூன்றடி தள்ளியே இருக்கட்டும். சாய்ந்தால் தானே அணையும் வசதி இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ரூம் சூடானதும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூங்குங்கள்.

கரோல் பாக் மாமி: ஹீட்டர் ஆக்சிஜனைத் தின்னுடுமாமே? வாளியில் தண்ணி வைக்கணுமா?

மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை மாமி, அதனால் ஆக்சிஜன் குறையாது. உயிரை எடுப்பது அங்கீட்டி, அதாவது குளிர்காயும் கரி அடுப்பு. மூடிய அறையில் அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வாட்ச்மேனுக்கும் இதைச் சொல்லுங்கள். தொண்டை வறள்வது, காற்று சூடாகும்போது அதன் ஈரப்பத விகிதம் குறைவதால். ஒரு கிண்ணம் தண்ணீரால் பெரிய மாற்றம் வராது. வைத்தே தீரணும் என்றால் வயர் பக்கம் வைக்காதீர்கள்.

ஜனக்புரி வாசகர்: காலையில் எம்சிபி விழுகிறது. 16-ஐ எடுத்துவிட்டு 32 போடச் சொல்கிறார்கள்.

ஹீட்டர் 2000, கீசர் 2000, கெட்டில் 1500 வாட் ஒரே லைனில் ஓடினால் 24 ஆம்பியர் ஆகிறது. எம்சிபி தன் வேலையைத்தான் செய்கிறது. 32 போட்டால் எம்சிபி விழாது, கம்பி வெந்துபோகும். கீசரை அணைத்த பிறகு ஹீட்டரைப் போடுங்கள், அல்லது தனி லைன் இழுங்கள்.

ஆர்.கே.புரம் வாசகி: ஆயில் ஹீட்டர் மேல் குழந்தைத் துணி காயப்போடலாமா?

கூடாது. சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே ஏறும், பாதுகாப்பு கட்-அவுட் வேலை செய்யாவிட்டால் துணி கருகும். மூன்றடி தள்ளி ஸ்டாண்டு போட்டால்கூட ஒரு கண் அதன் மேல் இருக்கணும். இன்னொன்று, வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் அரைமணி நேரமாவது நிமிர்த்தி வையுங்கள். எண்ணெய் கீழிறங்கிய பிறகே சுவிட்ச்.