லேசாகத் தூங்குபவர் மயக்க மருந்தில் விழித்துக்கொள்வாரா?

பித்தப்பை அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது, "பூனை நடந்தாலே விழித்துக்கொள்பவள் நான், பாதியில் எழுந்துவிட்டால்?" என்று அம்மா அஞ்சுகிறார் என எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

தூங்கும் மூளை காவலைக் கைவிடுவதில்லை. ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக, ஆழ்ந்த தூக்கத்துக்கும் கனவுத் தூக்கத்துக்கும் மாறி மாறிப் போகிறது. காதில் விழும் ஒலியையும் எடைபோடுகிறது. மின்விசிறிச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்குபவர், தன் பெயரை யாராவது மெல்லச் சொன்னால் கண் திறப்பது அதனால்தான்.

புரோபோஃபால் போன்ற மருந்து நரம்பில் ஏறியதும் கதை வேறு. நரம்பணுக்களை அடக்கிவைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை அது வலுப்படுத்துகிறது. மூளையின் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு குலைந்துவிடுகிறது. மயக்கம் மிக ஆழமானால், மூளையின் மின் அலைகளைக் காட்டும் பதிவில் கோடு சில நொடிகள் தட்டையாகி, திடீரென்று துடித்து, மறுபடி தட்டையாகும். ஆரோக்கியமானவரின் எவ்வளவு ஆழ்ந்த தூக்கத்திலும் இப்படி ஒரு கோட்டைப் பார்க்க முடியாது.

ஆகவே அம்மாவின் லேசான தூக்கம் இங்கே பொருட்டே அல்ல. பொது மயக்கத்தின் நடுவே நினைவு திரும்புவது மிக மிக அரிது. மயக்கவியல் மருத்துவர் கடைசிவரை அருகிலிருந்து மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பார். அம்மா தினமும் தூக்க மாத்திரை போடுகிறாரா, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறதா, முந்தைய அறுவை எதிலாவது விழிப்பு வந்ததா என்பதை மட்டும் மருத்துவரிடம் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.