பச்சைக் கதவுக்கு இருபுறமும்: மாளிகைத் தொடர்கள் பற்றிய கேள்வி பதில்

பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களையும் அவர்களுடைய பணியாளர்களையும் பற்றிய தொலைக்காட்சித் தொடர்கள் குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளும், பிரிட்டிஷ் சமூக வரலாற்றைக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்த பேராசிரியை அவற்றுக்கு எழுதிய பதில்களும்.

மதுரை வாசகர்: ‘டவுன்டன் ஆபி’ தொடரில் வரும் குடும்பம் உண்மையில் வாழ்ந்ததா, அம்மா?

இல்லை. ஜூலியன் ஃபெலோஸ் உருவாக்கிய அந்தத் தொடரின் கிராலி குடும்பமும் அவர்களுடைய பணியாளர்களும் கற்பனை மனிதர்கள். மாளிகை மட்டும் உண்மையானது. ஹாம்ப்ஷயரில் உள்ள ஹைகிளியர் என்னும் அந்த மாளிகை கார்னார்வன் பிரபுக்களின் இல்லம். ஹோவர்ட் கார்ட்டர் 1922இல் துட்டன்காமனின் கல்லறையைக் கண்டறிந்தபோது அந்த அகழ்வாய்வுக்குப் பணம் கொடுத்தவர் ஐந்தாம் கார்னார்வன் பிரபுதான். ஆனால் கீழ்த்தளத்துச் சமையலறையும் பணியாளர் உணவுக்கூடமும் அங்கே படமாக்கப்பட்டவை அல்ல, லண்டனில் ஈலிங் படப்பிடிப்புத் தளத்தில் அமைக்கப்பட்டவை.

சேலம் வாசகி: இங்கிலாந்தைப் பார்த்ததே இல்லை. அந்தப் பிரபுக்களோடு எனக்கு எந்த உறவும் இல்லை. இருந்தும் இந்தத் தொடர்களை விட முடியவில்லை. இந்த ஈர்ப்பு எதனால் வருகிறது?

உடைகளும் வெள்ளிப் பாத்திரங்களும் கண்ணை இழுப்பது உண்மைதான். ஆனால் அவை முதல் இரண்டு வாரங்களுக்குத்தான் போதும். அதற்குப் பிறகும் ஒருவர் தொடர்ந்து பார்க்கிறார் என்றால் காரணம் வேறு. வேலை கண்ணுக்குத் தெரிவதுதான் முதற்காரணம் என்று நான் நினைக்கிறேன். மற்றக் குடும்பக் கதைகளில் சாப்பாடு மேசைக்குத் தானாக வந்துவிடும், துணி தானாக வெளுத்துவிடும். இங்கேயோ வீடு விழிக்கும் முன்பே ஒரு சிறுமி எழுந்து, கணப்படுப்பின் சாம்பலை வாரி, கரியைத் துடைத்து, புதிதாகத் தீ மூட்டிவிட்டுச் சத்தமில்லாமல் வெளியேறுவதையும், கத்திக்கும் கரண்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஒருவர் அளவுகோலால் அளப்பதையும் நாம் பொறுமையாகப் பார்க்கிறோம். தேர்ந்த கை ஒன்று தன் வேலையைச் செய்வதைப் பார்ப்பதில் மனிதர்களுக்கு எப்போதும் ஒரு நிறைவு உண்டு.

இரண்டாவது காரணம் கதவு. அத்தகைய வீடுகளில் குடும்பத்தார் இருக்கும் பகுதியையும் பணியாளர் பகுதியையும் பிரிக்கும் கதவின் மீது பச்சை நிறக் கம்பளித் துணி போர்த்தியிருப்பார்கள். சமையலறையின் சத்தமும் வாசனையும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஜீன் மார்ஷ், ஐலீன் அட்கின்ஸ் என்ற இரு நடிகைகள், தங்கள் பெற்றோர் தலைமுறையில் வீட்டுப் பணி செய்தவர்கள் இருந்ததால், அந்தக் கதவுக்கு அப்பால் இருந்தவர்களைப் பற்றி ஒரு கதை வேண்டும் என்று நினைத்தார்கள். அந்த எண்ணத்திலிருந்து வளர்ந்ததுதான் 1971 முதல் 1975 வரை 68 பகுதிகளாக ஒளிபரப்பான ‘அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்’. அதன் பிறகு இவ்வகையில் வந்த தொடர்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அதற்குக் கடன்பட்டவை. மேலே உள்ளவர்களுக்குத் தெரியாதது கீழே தெரியும். கீழே நடப்பது மேலே தெரியாது. கதவின் இருபுறமும் போகும் உரிமை நமக்கு மட்டுமே கிடைக்கிறது.

மூன்றாவது காரணம் காலம். ‘டவுன்டன் ஆபி’ 1912இல், டைட்டானிக் கப்பல் மூழ்கிய செய்தியோடு தொடங்குகிறது. இன்னும் இரண்டு ஆண்டுகளில் போர் வரும் என்பது நமக்குத் தெரியும், தோட்டத்தில் தேநீர் அருந்துகிறவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் ஒரு சாதாரண விருந்துக் காட்சிகூட நம் மனத்தில் கனத்துப்போகிறது.

திருச்சி வாசகர்: பட்லர் என்றால் சமையற்காரர்தானே? தொடரில் அவர் சமைப்பதே இல்லையே?

நம் ஊர் வழக்கு உங்களைக் குழப்புகிறது. சென்னை மாகாணத்தில் வெள்ளைக்கார துரை வீட்டின் தலைமை வேலைக்காரரைப் பட்லர் என்றார்கள். கடைத்தெருவுக்குப் போவது, கணக்குச் சொல்வது, மற்ற வேலைக்காரர்களை மேய்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் துரையோடு பேசிய மொழிதான் ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று பெயர் பெற்றது. இங்கிலாந்தில் அந்தச் சொல் புட்டியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மதுக் கிடங்கு, வெள்ளிப் பாத்திரங்கள், உணவு மேசை, ஆண் பணியாளர்கள் ஆகியவை பட்லரின் ஆட்சிக்கு உட்பட்டவை. பணிப்பெண்களும் சாவிக்கொத்தும் ஹவுஸ்கீப்பரின் பொறுப்பில் இருந்தன. சமையலறை சமையற்காரியின் தனி அரசு. ஹவுஸ்கீப்பரும் சமையற்காரியும் திருமணம் ஆகாதவர்களாக இருந்தாலும் அவர்களை மரியாதைக்காக ‘மிஸஸ்’ என்றே அழைத்தார்கள்.

நெல்லை வாசகி: செய்தித்தாளுக்கு இஸ்திரி போடும் காட்சி உண்மைதானா?

உண்மைதான், அச்சு மை கையில் ஒட்டாமல் இருப்பதற்காகச் செய்தார்கள். அதைவிட நம்பமுடியாத ஒன்றைச் சொல்கிறேன். 1920களில் சமையலறைப் பணிப்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்த மார்கரெட் பவல், காலணியின் நாடாக்களுக்கும் தான் இஸ்திரி போட்டதைப் பின்னாளில் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதினார். ஒருநாள் அவர் செய்தித்தாளைக் கையால் நீட்டியபோது, எதையும் வெறுங்கையால் கொடுக்கக்கூடாது, வெள்ளித் தட்டில் வைத்தே கொடுக்கவேண்டும் என்று எஜமானி அதிர்ந்துபோய்க் கண்டித்தார். அந்தச் சிறுமிக்கு அழுகை வந்துவிட்டது.

ஈரோடு வாசகர்: டவுன்டன் ஆபி உண்மைக் கதையா?

மதுரை வாசகருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

வேலூர் வாசகர்: ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பணியாளர்கள் இருந்தார்களா? அப்படியானால் வேலை பகிர்ந்துபோய் வாழ்க்கை எளிதாகத்தானே இருந்திருக்கும்?

இந்த இடத்தில்தான் எல்லோரையும் நான் எச்சரிக்க விரும்புகிறேன்: பெரிய மாளிகையை வைத்துப் பணியாளர் வாழ்க்கையை அளந்துவிடாதீர்கள். 1911ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் வீட்டுப் பணியில் இருந்தார்கள். அவர்களில் மிகச் சிலரே மாளிகைகளில் இருந்தவர்கள். பெரும்பாலோர் ஒரு கடைக்காரர் வீட்டிலோ எழுத்தர் வீட்டிலோ தனியாகவோ இன்னொருத்தியோடு சேர்ந்தோ வேலை செய்தவர்கள். சமையல், துவைத்தல், அடுப்பு, குழந்தைகள், கதவு திறப்பது எல்லாமே அந்த ஒருத்தியின் தலையில் விழும். இசபெல்லா பீட்டன் 1861இல் வெளியிட்ட இல்லப் பராமரிப்பு நூல் பட்லருக்கு ஆண்டுக்கு 25 முதல் 50 பவுண்டு வரையும், இத்தகைய தனிப் பணிப்பெண்ணுக்கு 9 முதல் 14 பவுண்டு வரையும் சம்பளமாகக் குறிப்பிடுகிறது. பணிப்பெண்களில் இரக்கத்துக்குரியவள் இவள் ஒருத்திதான் என்ற பொருளில் அந்த நூலே எழுதுகிறது. அவளுக்குக் கீழ்த்தளத்தில் கலகலப்பான உணவுக்கூடம் இல்லை, பேச ஆளும் இல்லை. பேச்சில்லாமல் தொடர் எடுக்க முடியாது என்பதால்தானோ என்னவோ, அவளைத் திரையில் நாம் காண்பதே இல்லை.

கடலூர் வாசகி: ‘டவுன்டன் ஆபி’யில் பிரபுவுக்கு மூன்று மகள்கள் இருந்தும் சொத்து ஏன் எங்கோ இருந்த ஓர் உறவினருக்குப் போகிறது?

பிரபு பட்டம் பொதுவாக ஆண்வழியில் மட்டுமே இறங்கும். நிலமும் பட்டத்தோடு சேர்ந்தே இருக்கும்படி முன்னோர்கள் சட்டப் பத்திரத்தால் கட்டிவைத்துவிட்டால், அப்போதைய பிரபு அதை விற்கவோ மகளுக்கு எழுதவோ முடியாது. கதையில் அமெரிக்க மனைவி கொண்டுவந்த பணமும் அந்தக் கட்டுக்குள் போய்விட்டது என்பதுதான் சிக்கல். அமெரிக்கச் செல்வர்களின் மகள்கள் பிரபுக்களை மணந்தது வரலாற்று நடப்பு. கான்சுவேலோ வாண்டர்பில்ட் 1895இல் மார்ல்பரோ பிரபுவை மணந்ததைச் சொல்லலாம். 1870களிலிருந்து மலிவான அமெரிக்கத் தானியம் வந்து குவிந்ததால் குத்தகை வருமானம் சரிந்ததும், இறந்தவரின் சொத்து மீது விதிக்கும் மரண வரி 1894இல் வந்து 1919க்குள் 40 சதவீதம் வரை ஏறியதும் அந்தத் திருமணங்களைப் புரிந்துகொள்ள உதவும்.

ஓசூர் வாசகர்: இவை எந்தத் தளத்தில் தமிழ் வசன வரிகளோடு கிடைக்கும்?

அது என் துறை அல்ல. வேறு யாராவது தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

தஞ்சாவூர் வாசகர்: நம் நாட்டைச் சுரண்டிய பணத்தில் எழுந்த மாளிகைகளை நாமே ரசித்துக்கொண்டிருப்பது முறையா?

நீங்கள் சொல்வதில் உள்ள உண்மையை நான் குறைக்கமாட்டேன். நமக்கும் இலங்கைக்கும் நடுவில் உள்ள கடலுக்கு யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மதகுருவாக வந்து, 1763 முதல் 1767 வரை சென்னையின் ஆளுநராக இருந்து, பெருஞ்செல்வத்தோடு ஊர் திரும்பி, டெவன் மாவட்டத்தில் ஹால்டன் மாளிகையை வாங்கிய ராபர்ட் பாக் என்பவரின் பெயர்தான் பாக் நீரிணைக்கு வைக்கப்பட்டது. வேல்ஸில் உள்ள பவிஸ் மாளிகையில் திப்பு சுல்தானின் கூடாரம் இன்றும் இருக்கிறது. யார்க்‌ஷயரின் ஹேர்வுட் மாளிகையோ கரிபியன் அடிமைகளின் உழைப்பில் வந்த பணத்தால் கட்டப்பட்டது. இத்தொடர்கள் குத்தகையைப் பற்றியும் மருமகள் கொண்டுவரும் பணத்தைப் பற்றியும் பேசுகின்றன, இதைப் பற்றிப் பேசுவதில்லை. அது அவற்றின் பெருங்குறை. ஆனால் அதற்காகப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

கோவை வாசகி: தஞ்சாவூர் அண்ணனுக்கு என் பதில். என் அம்மா இருபது வருடங்கள் பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். பாத்திரம் தேய்ப்பவளுக்கு ஒரு பெயரும் ஓர் ஆசையும் கொடுத்து, அவள் முகத்தைத் திரையில் காட்டிய கதையை நான் முதலில் பார்த்தது இத்தொடரில்தான். அம்மாவும் என்னோடு உட்கார்ந்து பார்க்கிறார்.

தஞ்சாவூர் வாசகர்: உங்கள் அம்மாவை வணங்குகிறேன், தங்கச்சி. என் கோபம் அவர் பார்ப்பதன் மீது இல்லை. பணிப்பெண்ணின் துயரைக் கேட்டு உடனே உருகும் அந்த நல்ல பிரபு ஒரு பொய் என்பதுதான் என் வாதம். பேராசிரியர் அதற்குப் பதில் சொல்லவேண்டும்.

சொல்கிறேன். கருணையுள்ள எஜமானர்கள் இருந்தார்கள். ஆனால் கருணை அவர்கள் விருப்பத்துக்கு உட்பட்டதாக இருந்தது என்பதைத்தான் தொடர்கள் மறைக்கின்றன. வேலையை விட்டுப் போகும் பணியாளருக்கு நன்னடத்தைக் கடிதம் வேண்டும், அது இல்லாமல் அடுத்த நல்ல வீடு அவரைச் சேர்க்காது. அந்தக் கடிதத்தைக் கொடுக்கவேண்டிய கடமை எஜமானருக்குச் சட்டப்படி இல்லை. அதே சமயம் போலிக் கடிதம் காட்டுவதைக் குற்றமாக்கி 1792இலேயே சட்டம் இயற்றிவிட்டார்கள். ஒரு பெண் எத்தனை ஆண்டுகள் உழைத்திருந்தாலும், எஜமானி கோபத்தில் எழுத மறுத்த ஒரு தாள் அவளைத் தெருவில் நிறுத்திவிடும். நள்ளிரவில் மணி அடித்தாலும் அவள் ஏன் ஓடினாள் என்பதற்கு அந்தத் தாளே விளக்கம்.

கோவை வாசகி: அப்படியானால் அன்பு என்று ஒன்று இருந்ததே இல்லையா, அம்மா?

இருந்தது, ஆனால் சிக்கலாக இருந்தது. வேல்ஸில் ரெக்ஸம் நகருக்கு அருகே எர்டிக் என்றொரு மாளிகை இருக்கிறது. அங்கே வாழ்ந்த யார்க் குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தங்கள் பணியாளர்களை ஓவியமாகத் தீட்டச் செய்து, ஒவ்வொருவரைப் பற்றியும் செய்யுள் எழுதிவைத்தார்கள். தச்சரும் பணிப்பெண்ணும் தத்தம் கருவிகளோடு அங்கே நிற்கிறார்கள். பார்வையாளர்களும் முன்வாசல் வழியாக அல்லாமல் பணியாளர் முற்றத்தின் வழியாகவே உள்ளே போகிறார்கள். நான் அந்த ஓவியங்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். அதே குடும்பம்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் சமையற்காரி மீது திருட்டுக் குற்றம் சாட்டி நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1907இல் நடுவர் குழு அந்தப் பெண்ணைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்தவை. தஞ்சாவூர் வாசகரும் நீங்களும் ஆளுக்கொரு பாதியைப் பார்க்கிறீர்கள். இரண்டையும் ஒருசேரக் காட்டும் தொடருக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.

கரூர் வாசகர்: அந்தக் குடும்பத்தின் வாரிசுகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? டவுன்டன் ஆபி குடும்பத்தைக் கேட்கிறேன்.

அது கற்பனைக் குடும்பம் என்று மூன்றாம் முறையாகச் சொல்கிறேன். தயவுசெய்து முந்தைய பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

யாழ்ப்பாண வாசகி: அந்தப் பணியாளர் கூட்டத்தில் எங்களைப் போன்ற நிறத்தவர் எவருமே இருந்ததில்லையா?

இருந்தார்கள், அவர்களைத்தான் தொடர்கள் மறந்துவிட்டன. இந்தியாவிலிருந்து கப்பலேறும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் குழந்தைகளைக் கவனிக்க ஆயாக்களைக் கூடவே அழைத்துவந்தன. பயணம் முடிந்ததும் திரும்பிப் போகச் சீட்டு வாங்கித் தராமல் லண்டனில் அவர்களைக் கைவிட்டவர்களும் உண்டு. அப்படித் தவித்த பெண்களுக்காக ‘ஆயாக்கள் இல்லம்’ ஒன்று இயங்கியது. இந்தியாவுக்குப் போகும் வேறொரு குடும்பம் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் வரை அவர்கள் அங்கே தங்குவார்கள். 1900 முதல் அந்த இல்லம் ஹாக்னி பகுதியின் கிங் எட்வர்ட்ஸ் சாலையில் இருந்தது. அங்கே 26ஆம் எண் வீட்டுச் சுவரில் 2022இல் நீல நிற நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். அடுத்த முறை லண்டனுக்குப் போனால் நானும் போய்ப் பார்க்கவேண்டும்.